எங்கள் நோட்டுப் புத்தகங்களையும் திறந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும், முன்கற்றலை அங்கீகரிக்கும் நிலையங்களில் மதிப்பீட்டாளர்களாக இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நம் அரசியல் சாசனத்தின் 6ஆம் பிரிவு, இந்நாட்டுச் சமூகங்கள் பேசும் மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதற்கு மதிப்புக் கிடைக்க வழி செய்யச் சொல்கிறது. அந்த உரிமையில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கில நகல் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள், படிக்கத் தெரியாத மருமகளுக்கும் பேத்திக்கும் இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி டர்பன் வந்தவள். துறைமுகத்தை நம்பி நடக்கும் ஒரு சரக்கு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, வேலைக்குத் திரும்ப நினைக்கும் தாய்மார்களுக்கு விண்ணப்பமும் சான்றுக் கோப்பும் தயாரிக்க உதவுகிறேன். இரண்டு பக்கத்தையும் பார்ப்பவள் என்பதால் இதைச் சொல்லும் தைரியம் வந்தது.

கேட்க வந்தது ஒன்றுதான். பிள்ளை வளர்ப்பில் ஒருவர் கற்றுக்கொண்ட திட்டமிடும் திறனை, திட்ட மேலாண்மைப் படிப்புகளுக்கு நடக்கும் ஆர்பிஎல் (முன்கற்றல் அங்கீகாரம், அதாவது ஏற்கெனவே கற்றதைக் கணக்கில் எடுப்பது) மதிப்பீட்டில் சான்றாக ஏற்று, சோதித்துப் பாருங்கள்.

முதலாளிகளிடம் எழுதாமல் உங்களிடம் ஏன் எழுதுகிறேன் என்றால், இதற்கான விதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் தேசியத் தகுதிக் கட்டமைப்புச் சட்டம் முன்கற்றலுக்கான கொள்கையை வகுக்கும் பொறுப்பை ஆணையத்திடம் கொடுத்தது. நீங்கள் வகுத்த கொள்கையும், ஒருவர் எங்கே எப்படிக் கற்றிருந்தாலும் அந்த அறிவை வெளியே கொண்டுவந்து மதிப்பிட வேண்டும் என்கிறது. பள்ளிக்கூடத்தில் கற்றது, பட்டறையில் கற்றது, வாழ்க்கையில் கற்றது எல்லாம் அதில் அடங்கும். திட்ட மேலாளர்களுக்கு உலக அளவில் பிஎம்பி சான்றிதழ் தரும் அமைப்பு, நான்கு வருடப் பட்டம் படித்தவரிடம் 36 மாதத் தொழில்முறை அனுபவம் கேட்கிறது. வீட்டுக் காரியங்கள் அதில் சேராது. அது அவர்கள் விதி, அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. நம் நாட்டின் விதி அதைவிடப் பெரிய மனதோடு எழுதப்பட்டது. எழுதியது நடைமுறைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். டோங்காட்டில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர், தன் சான்றுக் கோப்பை எடுத்துக்கொண்டு ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போனார். கோப்பில் முக்கியமானது ஒரு பழைய நோட்டு. மதிப்பீட்டாளர் அதைப் பிரிக்கவே இல்லை. "இதையெல்லாம் எந்தக் கம்பெனியில் செய்தீர்கள்?" என்று கேட்டார். கம்பெனி இல்லை என்றதும், முதலாளியின் கடிதம் இல்லாமல் கோப்பை ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நோட்டில் என்ன இருந்தது என்று அந்தத் தாய்க்குப் பதிலாக நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். நம் மாகாணமான குவாசூலு-நடாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, ஊரில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கர் வரும், அல்லது வராது. இந்தப் பெண் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு, கைக்குழந்தை ஒன்று. அவர் அன்றாடம் ஒரு பக்கத்தில் கோடு போட்டு எழுதினார்: டேங்கர் வருவதாகச் சொன்ன நேரம், உண்மையில் வந்த நேரம், எத்தனை வாளி கிடைத்தது, எது எதற்குப் போயிற்று. குடிக்க, குழந்தையின் பால்புட்டி கொதிக்கவைக்க, சமைக்க, யூனிஃபார்ம் துவைக்க, கழிவறைக்கு என்று வரிசை. மேலே இருப்பது முடிந்தால்தான் கீழே இருப்பதற்கு. மூடி போட்ட இரண்டு வாளிகள் தனியாக இருந்தன. குழந்தைக்குத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. தொட்டால் யார், எப்போது, ஏன் என்று எழுத வேண்டும். மாமியாராக இருந்தாலும் சரி.

கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கும் நேரத்துக்கும் டேங்கர் வரும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வரும் கிழமைகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. அதைப் பார்த்துத் துவைக்கும் நாளை மாற்றினார். பக்கத்து வீட்டில் ஒரு பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) இருந்தது. ஐந்து வீடுகள் சேர்ந்து, பெட்ரோலுக்கு ஆளுக்கு இவ்வளவு, தூக்கிக் கொடுக்க வீட்டுக்கு ஓர் ஆள், முறை தவறினால் அடுத்த முறை இரட்டை என்று பேசி வைத்தார்கள். பேசியதை அவர் எழுதி, ஐந்து வீட்டிலும் கையெழுத்து வாங்கினார். ஒரு வீட்டுக்காரர் பணம் கொடுக்காமல் இழுத்தபோது சண்டை வராமல் தீர்த்ததும் அந்த நோட்டில் இருக்கிறது. பணத்துக்குப் பதிலாக, கூரைத் தண்ணீர் பிடிக்கும் அவர் வீட்டு டிரம்மைப் பொதுவாக்கினார்கள்.

இதே விஷயங்களை எங்கள் அலுவலகத்தில் வேறு பெயரில் எழுதுகிறோம். தேவைகளின் முன்னுரிமை. திட்டமிட்ட நேரம், நடந்த நேரம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி. தொடக் கூடாத அவசரக் கையிருப்பு, அதைத் தொட்டால் பதிவு. பங்குதாரர்களின் ஒப்புதல். என்னென்ன தவறலாம் என்று எழுதிவைக்கும் ரிஸ்க் ரெஜிஸ்டர். ஒரு கொள்கலன் கப்பலிலிருந்து இறங்கத் தாமதமானால் என்ன செய்வோம் என்று பெரிய அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். அந்த அட்டவணையை ஒழுங்காக நிரப்பத் தெரியாத பட்டதாரிகளையும் நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணின் பக்கங்கள் அதைவிடச் சுத்தமாக இருக்கின்றன. மனதாரச் சொல்கிறேன், என் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்து, எடுக்கும் அதிகாரமும் என்னிடம் இருந்தால், அந்த நோட்டைப் பார்த்தே எடுத்துக்கொள்வேன்.

வெள்ளம் ஒரு அசாதாரண நிலை என்று நீங்கள் சொல்லலாம். சரி, சாதாரண வருடத்தையே எடுத்துக்கொள்வோம்.

லிஃப்ட் கிளப்பைப் பாருங்கள். பள்ளிப் பேருந்து இல்லாத தெருக்களில் நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து, திங்கள் ஒருவர் கார், செவ்வாய் ஒருவர் கார் என்று பிள்ளைகளை ஏற்றிப் போகிறார்கள். ஒருவர் காருக்குப் பஞ்சர், ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை நேரம் மாறிவிட்டது. காலை ஆறு மணிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தியால் முழு ஏற்பாடும் மாறும். ஏழரைக்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு உள்ளே இருக்க வேண்டும். இதை நடத்துபவருக்கு மற்றவர்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை. சம்பளத்தைப் பிடிக்க முடியாது, மெமோ கொடுக்க முடியாது. பேச்சாலும் நியாயத்தாலும் மட்டுமே வேலை வாங்க வேண்டும். திட்ட மேலாண்மையில் மிகக் கடினமான பாடம் இதுதான் என்று என் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏனென்றால் எங்களிடம் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் வேறு யாருக்கோ கீழே இருப்பவர்கள்.

அப்புறம் மின்வெட்டு. 2023 எவ்வளவு மோசமாக இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஜ் 4 என்று சொல்லி ராத்திரியே 6 ஆக்கினால் (எண் கூடினால் வெட்டும் கூடும்), சோறு வடிப்பது, பிள்ளையின் ஆஸ்துமா நெபுலைசர், பள்ளி ப்ராஜெக்ட்டை அச்சிடுவது எல்லாம் மறுபடி வரிசைப்பட வேண்டியிருந்தது. அதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்பதாம் வகுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளியே இருப்பவர்களுக்கு அதன் ஆழம் தெரிவதில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பிள்ளை கணிதம் எடுப்பதா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் கணித எழுத்தறிவு எடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதை எடுத்தால் பொறியியல் கதவு அன்றைக்கே மூடிவிடும். பன்னிரண்டாம் வகுப்பின் மெட்ரிக் தேர்வு இன்னும் மூன்று வருடம் தள்ளி இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்த தாய்க்கு அப்படித் தோன்றாது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே. நம் மாகாணத்தில் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாக. அந்த நேரத்தில் மெட்ரிக் மதிப்பெண் கையில் இருக்காது, பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் தற்காலிக இடம் தருவார்கள். ஆக உண்மையான கெடு பதினோராம் வகுப்புக் கடைசித் தேர்வு. அதற்குள் கணிதம் தேற வேண்டுமானால் டியூஷன் பத்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். டியூஷனுக்குப் பணம் வேண்டுமானால் சீட்டு அதற்கும் முந்தின வருடம் போட வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, எந்த ஒரு கண்ணி தாமதமானால் எல்லாம் தாமதமாகும் என்று கண்டுபிடிப்பதற்கு எங்கள் துறையில் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு ரசாயன நிறுவனமும் ஒரு கணினி நிறுவனமும் சேர்ந்து அந்த முறையை உருவாக்கின. டர்பனின் மெரிபேங்கில் தையல் வேலை செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஒரு அம்மா, இதை ஒரு பள்ளி நாள்காட்டியின் பின்பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். அந்தத் தாளும் எங்கள் கோப்பில் இருக்கிறது.

வீட்டில் கற்றது தொழிற்சாலைக்கு உதவாது என்று நினைப்பவர்களுக்கு லில்லியன் கில்பிரெத்தின் வாழ்க்கையை நினைவுபடுத்துகிறேன். கணவரோடு சேர்ந்து தொழிற்சாலைகளில் வேலை அசைவுகளை ஆராய்ந்தவர், 12 பிள்ளைகளைப் பெற்றவர். 1924இல் கணவர் இறந்ததும், பெண் என்பதால் நிறுவனங்கள் ஒப்பந்தங்களைத் தொடர மறுத்தன. அவர் சமையலறையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். எத்தனை அடி நடக்கிறோம், எங்கே குனிகிறோம் என்று அளந்து அடுப்படிகளை மாற்றி அமைத்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டி அவர் பெயரோடு சேர்ந்தது. 1935இல் பர்டூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. நிறுவனங்கள் பார்க்க மறுத்த திறமையை ஒரு கல்வி நிலையம் பார்த்தது. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்தப் பார்வையைத்தான்.

எதைக் கேட்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தாய் என்பதற்காக யாருக்கும் சான்றிதழ் கொடுக்கச் சொல்லவில்லை. பத்து மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். பிள்ளை வளர்த்த மணி நேரங்களைக் கூட்டிக் காட்டி கிரெடிட் கேட்பது நியாயமில்லை. நன்றாகத் திட்டமிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள், திட்டமே இல்லாமல் அன்பால் மட்டும் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினர் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் அவர்களுக்கு இந்தப் படிப்பில் விலக்கு கொடுக்க முடியாது. பிள்ளையையே ஒரு திட்டமாகப் பார்க்கும் பேச்சும் எனக்குப் பிடிக்காது. பிள்ளைக்குக் கெடு தேதி கிடையாது, ஒப்படைப்பு கிடையாது. நான் பேசுவது பிள்ளையைச் சுற்றி நடக்கும் காரியங்களைப் பற்றி: தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை, போக்குவரத்து, பணம், நோய், தேர்வு.

வீட்டில் கற்க முடியாதவையும் உண்டு. ஒப்பந்தச் சட்டம், டெண்டர் நடைமுறை, செலவையும் முன்னேற்றத்தையும் சேர்த்து அளக்கும் கணக்கு, அட்டவணை மென்பொருள், அலுவலக அறிக்கை எழுதும் முறை. இவை இல்லாமல் யாரும் என் வேலைக்கு வர முடியாது. எனவே இடைவெளியை நிரப்பும் ஒரு குறுகிய படிப்பு வேண்டும். தெரிந்ததற்கு மூன்று மாதம், தெரியாததற்கு மூன்று மாதம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொன்னால், கட்டணமும் நேரமும் இல்லாத பெண் பாதியில் நின்றுவிடுவார். தெரியாததை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

சான்றுக்கு என்ன செய்வது என்று மதிப்பீட்டாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முதலாளி கடிதம் இல்லாத இடத்தில் வேறு காகிதங்கள் நிறைய இருக்கின்றன. பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு தரும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று தடுப்பூசிகள் உரிய நேரத்தில் போடப்பட்டனவா என்பது கிளினிக் முத்திரையோடு இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவு இருக்கிறது. சீட்டுக் கணக்கு இருக்கிறது. லிஃப்ட் கிளப்பின் வாட்ஸ்அப் உரையாடல் தேதியும் நேரமுமாக அப்படியே இருக்கிறது. உடன் வேலை செய்தவர்கள் போலீஸ் நிலையத்தில் சத்தியப் பிரமாணம் எழுதி முத்திரை வாங்கித் தரத் தயாராக இருக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் இல்லை. இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் நேரில் சோதியுங்கள். ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் திட்டம் போடச் சொல்லுங்கள். நடுவில் ஒரு தகவலை மாற்றிப் பாருங்கள். நோட்டு பொய்யாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் நேரடியாக யாரையும் மதிப்பிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். கொள்கை ஆணையத்துடையது, தரத்தைப் பார்ப்பவை தரக் குழுக்கள், கோப்பைத் திறப்பது பயிற்சி நிலையம். இந்த மூன்று படிகளில் விஷயம் நழுவிவிடுகிறது. ஆகவே ஆணையம் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன்: முதலாளி கடிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கோப்பையும் பிரிக்காமல் திருப்பக் கூடாது, சம்பளமில்லாப் பராமரிப்பு வேலையில் எவை எவை சான்றாகும் என்ற பட்டியல் மதிப்பீட்டாளர்களுக்குத் தரப்பட வேண்டும், நிராகரித்தால் காரணம் எழுத்தில் வேண்டும், ஆர்பிஎல் கட்டணம் எவ்வளவு என்பது விண்ணப்பிக்கும் முன்பே தெரிய வேண்டும். எழுதுவதைவிடப் பேசுவது எளிதாக இருக்கும் பெண்களுக்கு வாய்மொழி நேர்காணலும் இருக்க வேண்டும்.

இது பெண்களுக்கு மட்டுமான கோரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புள்ளியியல் துறை 2000லும் 2010லும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகள், சம்பளமில்லா வீட்டு வேலையில் பெண்கள் ஆண்களைவிட அதிக நேரம் செலவிடுவதைக் காட்டின. அதனால் பேச்சு அவர்களிடமிருந்து தொடங்குகிறது. ஆனால் மனைவி ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்க, இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாக்கள் எங்கள் மண்டபத்துக்கும் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளை முழுதாக வளர்த்து ஆளாக்கிய ஆயாக்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்! 2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், பிள்ளை பிறந்தால் கிடைக்கும் விடுப்பைப் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. பராமரிப்பு இருவர் வேலையும்தான் என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, அந்த வேலையில் கற்றதற்கு மதிப்பில்லை என்று ஒரு பயிற்சி நிலையம் சொல்வது பொருந்தவில்லை.

டோங்காட் தாய் தன் கோப்பை மறுபடியும் தயார் செய்துவிட்டார். இந்த முறை ஐந்து வீட்டாரின் சத்தியப் பிரமாணமும், பள்ளியின் கடிதமும் சேர்ந்திருக்கின்றன. மெரிபேங்க் அம்மாவின் கோப்பும், இன்னும் சிலருடையதும் அதோடு வரும். எந்த நிலையத்தில் கொடுக்க வேண்டும், யார் பார்ப்பார்கள் என்று எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நேர்காணல் தேதியை மட்டும் ஜனவரியில் பள்ளி திறக்கும் வாரத்தில் வைக்க வேண்டாம். யூனிஃபார்ம், புத்தகம், கட்டணம், லிஃப்ட் கிளப் என்று அந்த வாரம் முழுவதும் இவர்கள் எல்லாருக்கும் வேலை இருக்கும். அதற்கு அடுத்த வாரம் எந்த நாள் என்றாலும் வருவார்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து, ஒரு திட்ட ஒருங்கிணைப்பாளர்